பத்து விரலிலும் பூ

பூவாணிக்குளத்துக்கு மேற்கே ஊரைவிடப் பெரிய குளம் ஒன்று உண்டு, அதில் தண்ணீர் கிடக்கிற வருஷங்களில் ஐப்பசி பிறந்ததும் கொக்குகள் வரும், சாயங்கால வெயிலில் அவை வரிசை கட்டி ஊருக்கு மேலே பறக்கும்போது பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவந்து இரண்டு கை நகங்களையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு பூப் போடச் சொல்லிக் கொக்குகளைப் பார்த்துக் கத்தும், சில நாள் கழித்து எந்தப் பிள்ளையின் நகத்திலாவது வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் கொக்கு பூப் போட்டுவிட்டது, இனிப் புதுத்துணி வரும் என்று அது தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு திரியும், துணி வராது, பிள்ளையும் மறந்துபோகும். எல்லா ஊரிலும் நடப்பது இதுதான். பூவாணிக்குளத்தில் மட்டும் ஒரு வருஷம் துணி வந்தது.

வானத்திலிருந்து விழவில்லை. அப்படி விழுந்திருந்தால் தாசில்தார் வந்து சீல் வைத்திருப்பார். துணி வழக்கமான வழியில்தான் வந்தது, யாரிடமிருந்து வராதோ அவரிடமிருந்து வந்தது, அவ்வளவுதான். எதிர்வீட்டு மாரிச்செல்வியின் சுண்டுவிரல் பூ நகத்தோடு வளர்ந்து வளர்ந்து நுனிக்கு வந்த அன்று, ஊருக்கு வரும்போதெல்லாம் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து முறுக்கு டின்னைக் காலி செய்துவிட்டுப் போகிற அவள் பம்பாய்ச் சித்தப்பா பட்டுப்பாவாடையோடு வந்து இறங்கினார், ஏன் வாங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை, பாவாடையை அவள் மேல் வைத்துப் பார்த்ததும் நகத்துப் பூ உதிர்ந்து தரையில் விழுந்தது. செண்பகவடிவு இதை வாசலில் நின்று கண்ணால் பார்த்தாள். உரக்கடை ஆவுடையப்பனின் மனைவியான அவளை ஊர் வடிவு என்று கூப்பிடும். அன்றைக்கு வடிவுக்குப் பாவாடை அதிசயமாகத் தெரியவில்லை, அந்தச் சித்தப்பா காசு செலவழித்ததுதான் அதிசயமாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஊரில் யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். வேலைவெட்டி இல்லாதவர்கள் ஐப்பசி முழுக்கக் குளத்தங்கரையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், வேலைவெட்டி உள்ளவர்கள் லீவு போட்டுவிட்டு அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்பதை நிறுத்திவிட்டு விரலை நீட்டச் சொன்னார்கள். நகத்தைக் கடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கும் துணி வந்தது, ஆனால் கிழிசலாக வந்தது. நாள் வரும்வரை பொறுக்க வேண்டும் என்றுகூட இல்லை, யாராவது முன்னதாகவே துணி தந்துவிட்டால் பூ நடுநகத்திலிருந்தே மறைந்துவிடும் என்பதும் அந்தப் பொங்கலுக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. துணிக்கடை பூதலிங்கம் கொக்குத் தள்ளுபடி என்று பெரிய தட்டி கட்டினார், ஆனால் தன் காசில் தானே எடுத்துக்கொள்ளும் துணிக்குப் பூ மசியாது, அடுத்த வீட்டுக் கையிலிருந்துதான் வர வேண்டும் என்று தெரிந்ததும் அவரே இரவோடு இரவாகத் தட்டியை அவிழ்த்துவிட்டார்.

ஊருக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ஒருவர் மட்டும் இதை எதிர்த்துப் பேசினார். நகத்துக்கு அடியில் எங்காவது லேசாக முட்டியிருக்கும், இடித்திருக்கும், அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது, மருந்தே வேண்டாம், நகம் வளர வளரத் தானே போய்விடும் என்று கூட்டம் போட்டுச் சொன்னார். ஊர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு டாக்டரின் கட்டைவிரலைப் பார்த்தது. அங்கே ஒரு பூ இருந்தது. அது நுனிக்கு வந்த அன்று அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது, ஊர்மக்கள் மேடை போட்டு அவருக்குப் பொன்னாடை போர்த்தி வழியனுப்பினார்கள், பூ உதிர்வதை அவரே குனிந்து பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த ஊரில்தான் ரைஸ்மில் சுடலைமுத்துவுக்குக் கை நிறையப் பூ விழுந்தது. பத்து விரலிலும் பூ. அதுவரை ஒரு கைக்கு இரண்டு பூவைத் தாண்டிப் பார்த்திராத ஊர், அவரைப் பார்த்து வாயைப் பிளந்தது, மாலை போட்டது, கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டது, இந்தக் கைக்கு ஓட்டுப் போடாமல் வேறு எந்தக் கைக்குப் போடுவது என்று பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கச் சொன்னது. அவரும் நின்றார். பூக்களெல்லாம் நுனிக்கு வந்த அன்று பிரசாரத்துக்குக் கிளம்பியவர் வீட்டு வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மத்தியானத்துக்குள் மாமன் மச்சான், சம்பந்தி என்று எல்லா வீட்டிலிருந்தும் கோடித்துணி வந்தது. ஒவ்வொரு வேட்டியாக அவர் மேல் விரிக்க விரிக்க ஒவ்வொரு விரலிலிருந்தும் பூ உதிர்ந்தது. கொக்கு சொன்ன வாக்கைத்தான் காப்பாற்றியது. பட்டு வேட்டிக்கும் பிணத்து வேட்டிக்கும் வித்தியாசம் பார்க்கச் சொல்லி அதனிடம் யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கையெழுத்து வாங்குவதற்கு முன்பு கையை வாங்கிப் பார்த்தார். ஒரு பூ, இரண்டு பூ என்றால் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள், நாலைந்துக்கு மேல் போனால் வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டார்கள். கை நிறையப் பூ உள்ளவனுக்குத் துணி கொடுப்பவன் அவனை அனுப்பி வைக்கிறவன் என்று ஒரு பேச்சும் கிளம்பிற்று. அது எங்கிருந்து கிளம்பியது என்று விசாரித்தால் துணி கொடுக்க மனசில்லாத ஏதோ ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று வடிவு சொல்வாள்.

ஆவுடையப்பன் இதையெல்லாம் நம்பாதவர். அவர் எதையுமே நம்பாதவர், எதற்கும் எதிர்வார்த்தை வைத்திருப்பவர், மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால் இதெல்லாம் ஒரு மழையா என்று கேட்பவர். ஆறடி உயரம், அந்த உயரத்துக்கும் மேலே ஒரு முழம் வீம்பு. கையை நீட்டிக்கொண்டு குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தவர்களைத் திட்டுவதற்காகவே மறு ஐப்பசியில் ஒருநாள் போனார், மத்தியானம் முழுக்கத் திட்டினார், திட்டிக் களைத்து ஆலமரத்து நிழலில் வயிற்றின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். அந்த வருஷத்துக் கொக்குகள் மொத்தமும் அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்கு மேலே பறந்துபோயின.

கார்த்திகையில் ஒரு காலை, இட்லியைப் பிய்க்கிற கையைப் பார்த்துத்தான் வடிவு கண்டுபிடித்தாள். பத்து நகத்தின் அடியிலும் அரிசி அரிசியாகப் பூ.

"என்ன இது?" என்றாள்.

"என்னது? நகம்." அவர் சட்னியில் தோய்த்தார். "எங்கயாவது முட்டியிருக்கும். அந்த டாக்டரு அன்னைக்கே சொல்லலயா?"

"பத்து வெரலுமா போய் முட்டிச்சி?"

"ஏட்டி, உரமூட தூக்குத கை முட்டாம இருக்குமா? இன்னொரு இட்லி வையி."

அவள் இட்லி வைத்தாள். அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இந்த மனுஷனோடு வாழ்ந்த காலமெல்லாம் வாய்ச்சண்டையிலேயே போயிற்றே, இன்னும் எத்தனையோ சண்டை பாக்கி இருக்கிறதே என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். பயம் என்றால் அப்படி ஒரு பயம். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தாள். பூ கேட்பது துணியை. சாவைக் கேட்கவில்லை. செத்தால் யாரெல்லாம் கோடி கொண்டுவருவார்களோ அவர்களெல்லாம் அதையே இப்போது கொண்டுவந்துவிட்டால் பூ தன்னால் போகிறது, மனுஷன் தன்னால் இருக்கிறான். இதில் கஷ்டமென்ன இருக்கிறது என்றுதான் வடிவு நினைத்தாள். சொந்தக்காரர்களைப் பற்றி அவளுக்கு அவ்வளவு நல்ல எண்ணம் இருந்தது.

மார்கழியில் முதலில் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். காபி கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள், விஷயத்தைக் கேட்டுக் கண்கலங்கினார்கள், மார்கழியில் எங்கள் வீட்டில் துணி எடுக்கிற வழக்கம் இல்லை என்றார்கள். தையில் போனாள். பொங்கலுக்குத்தான் எல்லோருக்கும் எடுத்தாச்சே, இப்பத்தான வந்து கேக்கீங்க மதினி என்றார்கள். நாத்தனார் புருஷன், கேட்டு வாங்குவது மரியாதை இல்லை, நாங்களாகவே ஒருநாள் சிறப்பாகச் செய்வோம் என்றார். எந்த நாள் என்று அவர் சொல்லவில்லை, வடிவுக்கு விளங்கிவிட்டது. சின்ன மாமனார் வீட்டில் பீரோவைத் திறந்து பெரிய மனது பண்ணி ஒரு வேட்டியை எடுத்துக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் அவர்கள் வீட்டுப் பால்காய்ப்புக்கு இவள் கொண்டுபோய்க் கொடுத்த அதே வேட்டி, இவள் தடவிய மஞ்சள்கூட மூலையில் அப்படியே இருந்தது. அதை ஆவுடையப்பன் மேல் போட்டுப் பார்த்தாள். பூ அசையவில்லை, கொக்கை ஏமாற்ற முடியாது.

தனிக்குடித்தனம் போயிருந்த மகளிடமிருந்து ஒன்று வந்தது, உரம் வாங்க வருகிற தூரத்து மாமா ஒருவர் பழக்கத்துக்காக ஒன்று கொடுத்தார். அவ்வளவுதான். அந்த இரண்டு பூவும் உதிர்ந்தன, மிச்ச எட்டும் மாசியில் பாதி நகம் தாண்டி வளர்ந்து வந்தன, இடது பெருவிரல் பூ மட்டும் மற்றதையெல்லாம்விடப் பெரிதாக இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வடிவுக்குத் தன் அண்ணன் குற்றாலிங்கத்தின் ஞாபகம் வந்தது.

குற்றாலிங்கம் வடக்கூரில் இருக்கிறார், பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஆனால் வடிவின் மகள் கல்யாணத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை அச்சகத்தார் எல்லாருக்கும் கீழே, எறும்பு ஊர்கிற எழுத்தில் போட்டுவிட்டார்கள். மணமேடைக்கு முன்னால் நின்று குற்றாலிங்கம் கேட்டார். ஆவுடையப்பன் தப்பு நடந்துபோச்சு அத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு பாயசம் குடித்திருக்கலாம். அவர் சொன்னது, "எழுத்தப் பெருசாப் போட்டா ஆளு பெருசாயிருவாராக்கும்?"

குற்றாலிங்கம் மண்டபத்து வாசலுக்கு வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, எல்லோரும் கேட்கச் சொன்னார். "வே ஆவுடையப்பா, இனி நான் ஒம்ம வாசப்படிய மிதிச்சேன்னா, அது நீரு நீட்டிப் படுத்துக் கெடக்கையிலதாம்வே. என் கையால ஒமக்கு இனி ஒரு துணி உண்டுன்னா அது கோடிதான். என் தங்கச்சிக்கும் அன்னைக்குத்தான் பொறந்த வீட்டுச் சேல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற வம்சம். நல்ல சொல் எதையும் அவர்கள் இப்படிப் பிடித்துக்கொண்டதாக வடிவுக்கு நினைவில்லை.

பங்குனியில் வெயிலோடு போய் அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்றாள். அவர் ஈஸிசேரில் கிடந்தார், எழுந்திருக்கவில்லை, ஆனால் மனைவியிடம் மோர் கொண்டுவரச் சொன்னார்.

"யண்ணே, ஒரு வேட்டி. நாலு முழத்துலகூட வேண்டாம்ணே, ஒரு துண்டு போதும். நீ வர வேண்டாம். எங்கையில குடு, நான் கொண்டுபோய்க்கிடுதேன்."

"மோர குடி."

"அவிய கை நெறயப் பூண்ணே. நுனிக்கு வந்துட்டு."

குற்றாலிங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஊரறியச் சொன்ன சொல்லு வடிவு. இப்பம் குடுத்தேன்னா குற்றாலிங்கம் நாக்கு புரண்டுட்டான்னு ஊர்க்காரன் சொல்லுவான். நீ தைரியமாப் போ. அந்த நாளு வந்தா ஒன் அண்ணன் குறை வைக்க மாட்டான். மேளம், தாரை, கோடி எல்லாம் ஊரு மெச்சும்படியாச் செய்யுதேன்."

அவள் மோரைக் குடிக்காமல் திரும்பி வந்தாள். பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அந்த ஆத்திரம் பூவாணிக்குளம் வருவதற்குள் ஒரு யோசனையாக மாறியிருந்தது. எல்லாரும் எழவுக்குத்தான் வருவார்கள் என்றால் எழவைக் கூட்டிவிட வேண்டியதுதான்.

"நான் எதுக்குட்டி சாகணும்?" என்றார் ஆவுடையப்பன். "ஒங்க அண்ணன் சாகட்டும்."

"சாக வேண்டாம். செத்தாப்புல கெடந்தாப் போதும். ஒரு காலப்பொழுது வாய மூடிக்கிட்டுக் கெடக்க முடியாதா ஒங்களால?"

அவர் யோசித்துப் பார்த்தார். "கஷ்டந்தான்" என்றார், உண்மையாகவே. ஆனால் அன்றைக்கு முதல்முறையாக அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை அவள் கவனித்தாள். எட்டுப் பூவும் நுனிக்கு வந்து, விளிம்பில் நின்றன. "சரி, விரிப்பு மட்டும் கனமாப் போடு. தரை குளுந்து கெடக்கு" என்றார்.

ஊருக்கு விஷயத்தை மறைக்கவில்லை. மறைத்திருந்தால்தான் ஊர் கோபப்பட்டிருக்கும். உள்ளூர்க்காரர்களைக் கூப்பிட்டு வடிவு நடந்ததைச் சொன்னாள், நியாயம்தானே என்று எல்லோரும் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். பந்தல்காரர் எழவு வீட்டுத் துட்டிப் பந்தலைக் கல்யாணப் பந்தல் மாதிரி போடாமல் பார்த்துக்கொண்டார். சங்கு ஊதுகிறவர், இதை முன்பணமாக வைத்துக்கொள்கிறேன், நெசமாகவே நடக்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்றார். பிளெக்ஸ் கடைக்காரர் கண்ணீர் அஞ்சலிக்கு அவருடைய இருபது வயதுப் படத்தைப் போட்டு, பின்னால் சூரிய உதயமும் இரண்டு புறாவும் சேர்த்தார், ஆவுடையப்பன் அதைப் போய்ப் பார்த்துவிட்டு மீசையைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். ஒப்பாரிக்காரிகள் வந்து என்னென்ன குணத்தைப் பாட வேண்டும் என்று கேட்டார்கள், பொறுமைசாலி என்று மட்டும் பாட வேண்டாம், யாரும் நம்ப மாட்டார்கள் என்று வடிவு சொன்னாள். ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு சொந்தக்காரர்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் கிளம்பிற்று.

விடிந்ததும் வந்தார்கள். மார்கழியில் துணி எடுக்காதவர்கள் வந்தார்கள், பொங்கலுக்கே எடுத்துவிட்டவர்கள் வந்தார்கள், கேட்டு வாங்குவது மரியாதை இல்லை என்றவர் வேன் பிடித்து ஆட்களோடு வந்து இறங்கினார். மஞ்சள் தடவிய வேட்டியைக் கொடுத்த சின்ன மாமனார் வீட்டிலிருந்து பட்டு ஜரிகை வேட்டி வந்தது, அதுவும் விலைச்சீட்டு வெளியே தெரியும்படி. ஆவுடையப்பன் நடுக்கூடத்தில் கால் பெருவிரல்கள் கட்டப்பட்டு, நெற்றியில் ஒற்றை ரூபாயோடு நீட்டிப் படுத்துக் கிடந்தார். ஒவ்வொருவராக வந்து விரித்தார்கள், விரிக்க விரிக்க விரல் விரலாகப் பூ உதிர்ந்தது. ஏழு பூ உதிர்ந்து முடிந்த பிறகும் துணி வந்துகொண்டே இருந்தது, வேட்டி மேல் வேட்டியாகக் குவிந்து கடைசியில் அவர் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது, தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த வடிவு அந்தக் குவியலைப் பார்க்கப் பார்க்க, தான் வெயிலில் வாசல் வாசலாக ஏறி இறங்கியதெல்லாம் நெஞ்சில் வந்து நின்று, பாட்டை விட்டுவிட்டுப் பல்லைக் கடித்தாள். இத்தனை துணியும் இத்தனை நாளும் எங்கேதான் இருந்தது.

ஆனால் இடது கைப் பெருவிரல் பூ உதிரவில்லை. எத்தனை வேட்டி போட்டும் அது அப்படியே நுனியில் நின்றது. நகம் வெடித்து மயிரிழையில் தொங்கிற்று. சொல்லி வைத்த கையிலிருந்து வந்தால்தான் ஆயிற்று என்பதுபோல அது வாசலைப் பார்த்துக் காத்துக் கிடந்தது.

வெயில் ஏறியபோது தெருமுனையில் தாரை கேட்டது. குற்றாலிங்கம் சொன்ன சொல் தவறவில்லை, மேளத்தோடு வந்தார், முன்னால் ஒருவன் தாம்பாளத்தில் ஒரு வேட்டியும் ஒரு சேலையும் ஏந்தி வந்தான். பந்தலுக்குள் நுழைந்ததும் அவர் தாம்பாளத்திலிருந்து வேட்டியைத் தானே எடுத்துக்கொண்டார். நல்ல அகலக்கரை வேட்டி, எட்டு முழம், ஆறடி ஆளுக்கென்றே எடுத்தது. அந்துருண்டை வாசனை அடித்தது. எப்போதோ எடுத்து, எவ்வளவு காலமாகவோ பீரோவில் வைத்திருந்த வேட்டி என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. வாசல்படியை மிதித்து உள்ளே வந்தவர் குவியலுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மாப்ள" என்றார். "போயிட்டீரே மாப்ள. எழுத்து சின்னதா இருந்தா என்ன, பெருசா இருந்தா என்ன. நான் போய் அத ஒரு விசயம்னு பிடிச்சிட்டு நின்னேனே."

"அப்பம் அன்னைக்கே இதச் சொல்லியிருக்க வேண்டியதுதான?" என்றது குவியல்.

ஒப்பாரி நின்றது. தாரை நின்றது. வடிவு தலையில் அடித்துக்கொண்டாள், இந்தமுறை நெசமாகவே. ஒரு நிமிஷம், இன்னும் ஒரே ஒரு நிமிஷம் அந்த வாய் பொறுத்திருக்கக் கூடாதா.

குற்றாலிங்கம் மெதுவாக எழுந்து நின்றார். வேட்டிக் குவியலையும் அதற்குள்ளிருந்து தன்னை முறைக்கிற இரண்டு கண்ணையும் பார்த்தார், சுற்றி நின்ற ஊரைப் பார்த்தார், தன் கால் மிதித்திருக்கிற வாசல்படியைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த வேட்டியை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"உசுரோட கெடக்கவனுக்குக் கோடி போட நான் வரல" என்றார். "ஏமாத்திக் கூப்பிட்டுட்டிய. என் வாக்கப் பொய்யாக்கிட்டிய. இந்த வேட்டி வந்த வழியே போகும்."

கூட்டத்தில் சிலர் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார்கள். வேன் பிடித்து வந்தவர், இவ்வளவு செலவழித்து வந்திருக்கிறோமே, இப்படிச் செய்யலாமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் குவியலுக்குள்ளிருந்து, "போகச் சொல்லு. அவர் வேட்டியக் கட்டித்தான் நான் உசுரு வாழணும்னு இல்ல" என்றார். பெருவிரல் நகம் இன்னும் கொஞ்சம் வெடித்தது.

வடிவு எழுந்தாள். வாசலுக்குக் குறுக்கே போய் நின்று, அண்ணனுக்கு முன்னால் இரண்டு கையையும் ஏந்தினாள்.

"வேட்டிய நீயே வச்சுக்க. எனக்குக் கொண்டாந்த சேலையக் குடு."

குற்றாலிங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை.

"தாலியறுத்தவளுக்குன்னு பொறந்த வீட்டுலேருந்து கொண்டாந்தியே, அந்தச் சேல. குடு, இப்பமே கட்டிக்கிடுதேன். இன்னைக்கு நீ இப்பிடியே திரும்பிப் போனா சாயங்காலத்துக்குள்ள மறுபடி கொண்டு வரணும். எதுக்கு ரெண்டு அலைச்சல்? தாரைக்காரனும் இங்கனயே நிக்கான். குடுண்ணே. ஒங்கையால குடு."

தாம்பாளம் ஏந்தி வந்தவன் இரண்டு அடி பின்னால் போனான். வடிவு நகரவில்லை, நெற்றியில் குங்குமம் வேர்வையில் வழிந்து மூக்குக்கு வந்திருந்தது, அவள் அதைத் துடைக்கவும் இல்லை. குற்றாலிங்கம் அந்தச் சேலையைப் பார்த்தார். கடையில் நின்று அதைத் தேர்ந்தெடுத்தபோது, ஊர் மெச்ச வேண்டும் என்று விலை கூடியதாக எடுத்தபோது, அதைக் கட்டப்போவது யார் என்ற யோசனை அவருக்கு வரவே இல்லை போலிருக்கிறது. இப்போதுதான் வந்தது. சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போன பிள்ளை, நீட்டிய கையோடு எதிரே நிற்கிறாள், கேட்பது அந்தச் சேலையை.

அவர் சட்டென்று தாம்பாளத்தைப் பிடுங்கினார், சேலையை எடுத்துச் சுருட்டித் தன் சட்டைக்குள் திணித்துக்கொண்டார், தங்கை பார்த்துவிடக் கூடாது என்பதுபோலச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார், பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்குப் போய், அக்குளில் இருந்த வேட்டியை உதறி விரித்து ஆவுடையப்பன் மேல் எறிந்தார்.

"கட்டித் தொலையும்வே" என்றார்.

பெருவிரல் பூ டப்பென்று உதிர்ந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் பந்தல் கடைசிவரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

பிறகென்ன, வந்தது வந்தாயிற்று. எழவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று சம்பந்தி வீட்டிலிருந்து அண்டா அண்டாவாகச் சோறும் சாம்பாரும் வந்திருந்தன, அதை வீணாக்குவானேன் என்று எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஆவுடையப்பன் கால் கட்டை அவிழ்த்துவிட்டு முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாம்பாரில் உப்பு இல்லை என்றார். கொண்டுவந்த வேட்டியைத் திரும்பக் கேட்கலாமா என்று இரண்டு பேர் வடிவின் முகத்தைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. சாப்பிட்டவர்கள் எல்லோரும் கொல்லைக் குழாயில் தலையோடு குளித்தார்கள், துட்டிக்கு வந்தால் குளிக்காமல் போகக் கூடாது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், ஒருவரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. துட்டி வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்காமல் வாய் பேசாமல் போய்விட வேண்டும், அதுதான் முறை, செத்தவர் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கிறார் என்பதற்காக முறையை விட முடியுமா. ஆவுடையப்பன் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன்னைத் தாண்டிப் பேசாமல் போகிறவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தார்.

குற்றாலிங்கமும் அப்படித்தான் போனார். ஈரத்தலையோடு, சட்டைக்குள் அந்தச் சேலை புடைத்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்க்கவில்லை, படியிறங்கினார், தெருவில் நடந்தார், தாரைக்காரன் பின்னால் போனான். வடிவு தூணைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்தாள். கூப்பிட வாய் வந்தது, கூப்பிடக் கூடாது என்று கடித்துக்கொண்டாள். அவர் தெருமுனை வரைக்கும் போனார். அங்கே நின்றார். என்னவோ மறந்துவிட்டவர் மாதிரி தலையைச் சொறிந்தார். பிறகு அவ்வளவு தூரத்தையும் அந்த வெயிலில் திரும்ப நடந்து வந்து, வாசல்படிக்கு முன்னால் நின்று, தூணைப் பார்த்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"போயிட்டு வாரேன்."

பதில் சொல்வதற்கு ஆவுடையப்பனிடம் அன்றைக்கு ஒரே ஒரு தடவை எதிர்வார்த்தை இல்லை. "வாரும் அத்தான்" என்றார்.

காலையிலிருந்து அத்தனை பேர் முன்னால் தலைவிரித்து அழுது காட்டிய வடிவு, அப்போதுதான் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.